அகல டயர் வாங்கும் முன் ஒரு அளவு

1969 கமாரோ போன்ற பழைய மசில் காரின் (அதிக சக்தி எஞ்சின் கொண்ட அமெரிக்க காரின்) பின்பக்கம் அகல டயர் போடப்போகிறீர்களா? ரிம் அகலத்தை முடிவுசெய்யும் முன், பழைய சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் உட்காரும் பிரேக் டிரம் முகத்திலிருந்து உள்ளே லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வரையும், வெளியே மட்கார்டு விளிம்பு வரையும் அளந்துகொள்ளுங்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். ஆக்சில் தொங்கினால் அளவு தவறும்.

8 அங்குல ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம்தான். இரு விளிம்பையும் சேர்த்தால் சுமார் 9 அங்குலம்; அதன்மேல் 245 டயர் (245 மி.மீ. அகலம்) இன்னும் பிதுங்கி ஏறக்குறைய 9.6 அங்குலம் வரும். அதனால் இடம் போதுமா என்பதைவிட, அந்த அகலத்தில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே போகிறது என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பது ரிம்மின் பேக்ஸ்பேசிங், அதாவது சக்கரம் டிரம்மில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையான தூரம். இருபுறமும் அரை அங்குலமாவது விடுங்கள். இடது, வலது இரண்டையும் அளப்பது அவசியம். அடிபட்டுச் சரிசெய்த பாடியில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

முன் சக்கரத்துக்கு இது போதாது. ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனை மேலே அழுத்தியும் பார்க்க வேண்டும். டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடும் எண்ணம் இருந்தால், சரி, அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் அளந்துகொள்ளுங்கள்.