முதியோரின் ஆளுமையையும் மூளை ஸ்கேனையும் பொருத்திப் பார்ப்பது எப்படி?

ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள், முதலில் வினாத்தாள். ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளை (எளிதில் கவலைப்படும் இயல்பு, வெளிமுகத்தன்மை, புதியதை ஏற்கும் மனம், இணக்கம், கடமையுணர்வு) அளக்க 60 கேள்விகள் கொண்ட நியோ-எஃப்எஃப்ஐ வினாத்தாள் போதும். பண்புக்கு 12 கேள்வி, கேள்விக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக ஒரு பண்புக்கு அதிகபட்சம் 48. சில கேள்விகள் எதிர்மறையாக அமைந்திருக்கும். அவற்றில் 4ஐ 0 ஆகவும் 3ஐ 1 ஆகவும் திருப்பிப் போட மறந்தால் மொத்தக் கூட்டலும் வீண். பார்வை மங்கியவர்களுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டலாம், விளக்கக் கூடாது. விளக்கினால் உங்கள் பதில்தான் தாளில் ஏறும்.

கூடவே நினைவாற்றல் சோதனையையும் 15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலையும் முடித்துவிடுங்கள். எளிதில் கவலைப்படும் இயல்பும் மனச்சோர்வும் மதிப்பெண்ணில் ஒன்றோடொன்று கலந்துதான் வரும். வீட்டார் "ரெண்டு வருஷமா ஆளே மாறிட்டார்" என்று சொன்னால் அதைப் பண்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிமென்ஷியாவின் (மறதிநோயின்) தொடக்கமாக இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும்.

எம்ஆர்ஐயில் வேண்டியது மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் டி1 படம், 1 மி.மீ. வாக்ஸல் (படத்தின் மிகச்சிறு கனசதுரம்). இங்கே பெரிய வில்லன் தலையசைவு. அசைந்தால் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, உண்மையைவிட மெலிதாகப் பதிவாகும். பதற்றக்காரர்கள் கூடுதலாக அசைந்தால், 'பதற்றம் புறணியை மெலியச் செய்கிறது' என்ற பொய் முடிவு தானாக வந்து நிற்கும். தலையின் இருபுறமும் பஞ்சணை வையுங்கள். கலங்கிய படத்தைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள் புறணியை 68 பகுதிகளாகப் பிரித்துத் தரும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். மூளையுறையையும் புறணியென்று சேர்த்துக்கொண்டால் தடிமன் கூடும். முதியோரின் வெண்பொருளில் (புறணிக்கு உள்ளே உள்ள நரம்பிழைப் பகுதியில்) சகஜமாகத் தெரியும் திட்டுகளைச் சில இடங்களில் சாம்பல்பொருள் (புறணியைப் போன்ற நரம்பணுப் பகுதி) என்று எடுத்துக்கொள்ளும். எல்லைக்கோட்டைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். திருத்துபவருக்கு வினாத்தாள் மதிப்பெண் தெரியவே கூடாது.

கணக்கில் வயது, பாலினம், கல்வி, எந்த ஸ்கேனர் என்பதெல்லாம் சேர வேண்டும். பருமனுக்கும் பரப்பளவுக்கும் மண்டையின் உட்கொள்ளளவும் வேண்டும். தடிமனுக்குப் பொதுவாகத் தேவையில்லை. வயதை ஏனோதானோவென்று விடாதீர்கள். முதுமையில் நினைவாற்றலுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் சுருங்குகிறது. பண்பின் மெல்லிய தடயத்தை மூழ்கடிக்க அதுவே போதும். சரிவு நேர்கோட்டில் போகாததால் வயதின் வர்க்கத்தையும் போடுங்கள்.

5 பண்பு, 68 பகுதி என்றால் 340 சோதனைகள். 0.05 வரம்பில் (ஒவ்வொரு சோதனையிலும் தற்செயலாகத் தவற 5 சதவீத வாய்ப்பு) எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சராசரியாக 17 'கண்டுபிடிப்புகள்' கிடைக்கும். சோதனைகளின் எண்ணிக்கைக்கேற்ப வரம்பை இறுக்கும் பலசோதனைத் திருத்தம் கட்டாயம். தொடர்பின் வலுவைச் சொல்லும் தொடர்புக்கெழு (0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.1 அளவில் இருந்தால், திருத்தத்துக்கு முன்பே, ஒரே ஒரு சோதனைக்கு 80 சதவீதத் திறனில் (உண்மையான தொடர்பைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு) சுமார் 780 பேர் வேண்டும். நாற்பது பேரை வைத்து 'கடமையுணர்வின் இருப்பிடம்' காட்டும் வண்ணப்படத்தைச் சந்தேகிப்பதே நல்லது.

பண்பு மூளையை மாற்றியதா, மூளை பண்பை மாற்றியதா என்பதை ஒருமுறை எடுத்த ஸ்கேன் சொல்லாது. அதே ஆட்களை அதே ஸ்கேனரில் சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுங்கள். வினாத்தாளையும் மறுபடி கொடுங்கள்.