டைவிங் கியர் டீலர்ஷிப் எடுக்கறீங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இத பாருங்க

ஸ்கூபா கியர் கடை போடணும்னு நினைக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த பிராண்ட் எடுக்கலாம்னு தான். அத விட முக்கியமா கேக்க வேண்டியது, அந்த பிராண்ட் உங்கள என்ன விலைக்கு, எங்க, யாருக்கு விக்க விடும்ங்கறது. நான்லாம் கடைசி பக்கத்துல கையெழுத்து போட்டுட்டு அப்புறமா தான் முதல் பக்கத்த படிச்ச ஆளு.

அக்ரிமென்ட் கைக்கு வந்ததும் ஒரு பேனா எடுத்துக்கிட்டு விளம்பர விலை, விற்பனை விலைன்னு ரெண்டு விஷயம் எங்கெங்க வருதுன்னு கோடு போடுங்க. கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல. இந்த லைன்ல எல்லாரும் மேப் மேப்னு சொல்றாங்களே அது குறைந்தபட்ச விளம்பர விலை, வெப்சைட்லயோ நோட்டீஸ்லயோ அதுக்கு கீழ போடக்கூடாது, ஆனா கவுண்டருக்கு நேர்ல வந்து நிக்கற ஆளுக்கு நீங்க குறைச்சு குடுக்கறத அது பொதுவா தடுக்காது. விக்கற விலையே இதுக்கு கீழ போகக்கூடாதுன்னு இருந்தா அது வேற கதை, அங்க உங்க கைய மொத்தமா கட்டிட்டாங்கன்னு அர்த்தம்.

இது சட்டப்படி செல்லுமான்னு கேட்டா, எந்த நாட்டுல கடை இருக்குங்கறத பொறுத்தது. அமெரிக்காவுல 1911ல டாக்டர் மைல்ஸ் கேஸ்ல இருந்து, கம்பெனியும் டீலரும் குறைந்தபட்ச விலைக்கு ஒப்பந்தம் போட்டாலே தப்புன்னு இருந்துச்சு, 2007ல லீஜின் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு அத மாத்தி, ஒவ்வொரு கேஸா நல்லது கெட்டது பாத்து முடிவு பண்ணுங்கன்னு சொல்லிடுச்சு. அந்த கேஸே ஒரு சின்ன கடை 20 சதவீதம் தள்ளுபடி குடுத்ததுக்கு கம்பெனி சரக்க நிறுத்தினதுல வந்தது தான், அங்க பெல்ட்டு ஹேண்ட்பேக், இங்க ரெகுலேட்டர் (சிலிண்டர்ல இருக்கற காத்த மூச்சு விடற அளவுக்கு அழுத்தம் குறைச்சு தர்ற சாமான்), அவ்ளோ தான் வித்தியாசம். ஐரோப்பிய யூனியன்ல நேர் எதிர், டீலர் விக்கற விலைய கம்பெனி கீழ போகாம கட்டி வைக்கறது அங்க கடும் குத்தம், 2022ல வந்த வழிகாட்டுதல்ல மேப்பையும் அதே கணக்குல தான் வைக்கறாங்க. அதனால வேற நாட்டு டீலர் சொல்றத நம்பி முடிவு எடுக்காதீங்க, உங்க ஊர் வக்கீல் ஒருத்தர்கிட்ட நீங்க கோடு போட்ட பக்கங்கள மட்டுமாவது காட்டுங்க.

இன்னொண்ணு, கம்பெனி சேல்ஸ் ரெப்கிட்ட விலை பாலிசி பத்தி பேச்சு எடுத்தா சில பேரு "அத பத்தி நான் பேசக்கூடாது சார்"னு வாய மூடிக்குவாங்க. திமிருன்னு நினைச்சு நான் ஒரு தடவ சண்டையே போட்டிருக்கேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, அமெரிக்க சட்டத்துல 1919ல வந்த கோல்கேட் தீர்ப்புப்படி கம்பெனி தானா ஒரு பாலிசிய அறிவிச்சு, மீறினவனுக்கு சரக்கு தராம இருக்கலாம், ஆனா டீலரோட உக்காந்து பேசி சம்மதம் வாங்கினா அது ஒப்பந்தம் ஆகிடும். அதான் அவர பேச வேண்டாம்னு சொல்லி வச்சிருக்காங்க. அவர்கிட்ட பேரம் பேசி பிரயோஜனம் இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு ரெகுலேட்டர் செட் லிஸ்ட் விலை 100ன்னு வைங்க, உங்களுக்கு அடக்கம் 60. லாபம் 40. கஸ்டமர் கேக்கறாரேன்னு 10 சதவீதம் குறைச்சா லாபம் 30 ஆகுது, அதாவது 3 செட் விக்கற இடத்துல 4 செட் வித்தா தான் பழைய காசு வரும். ஸ்கூபால தள்ளுபடி குடுத்துட்டோம்னு புதுசா ஒருத்தர் கூடுதலா வந்து ரெகுலேட்டர் வாங்க மாட்டார், அத வருஷக்கணக்குல வச்சு ஓட்டற சாமான் அது. அதனால மேப்ப முழுசா எதிரியா பாக்காதீங்க, பெரிய ஆன்லைன் கடைக்காரன் உங்கள அடிமட்ட விலையில அடிக்காம இருக்கறதும் அதால தான். பிரச்சனை எங்கன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தறாங்களாங்கறது. பெரிய கடை மீறினா கண்டும் காணாம, சின்ன கடை மீறினா மறுநாளே மெயில். மீறற விளம்பரம் கண்ணுல பட்டா தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஆனா மத்த டீலர்களோட சேர்ந்து நாம எல்லாரும் இந்த விலைக்கு விப்போம்னு மட்டும் பேசிடாதீங்க, அது கார்டெல் ஆகிடும், கம்பெனி பாலிசிய விட பெரிய வம்பு.

மேப் மீறல் பெரும்பாலும் வேணும்னு நடக்கறதில்ல. எனக்கு நடந்தது இப்படி: கம்பெனியே சீசன் சேல்னு ரெண்டு வாரம் விலை குறைக்க அனுமதி குடுத்துச்சு, ஞாயித்துக்கிழமை ராத்திரியோட முடியுது, நான் எல்லா பக்கத்தையும் மாத்திட்டேன், ஒரே ஒரு பிசிடியோட (தண்ணிக்குள்ள மிதக்கறதையும் மூழ்கறதையும் கட்டுப்படுத்த காத்து அடிக்கற ஜாக்கெட்) எக்ஸ்எல் சைஸ் மட்டும் பழைய விலையிலயே நின்னுடுச்சு. செவ்வாக்கிழமை காலையில முதல் எச்சரிக்கை வந்துடுச்சு. மூணு எச்சரிக்கைக்கு அக்கவுன்ட் க்ளோஸ். அதுல இருந்து சேல் முடியற ராத்திரி மொபைல்ல, லாகின் பண்ணாம, கஸ்டமர் மாதிரி உள்ள போய் ஒவ்வொரு சைஸா பாக்கறேன். மாஸ்க் ஃப்ரீ, ஷிப்பிங் ஃப்ரீ, கூப்பன் இதெல்லாம் விலைக்குறைப்பா கணக்கு வருமான்னும் பாலிசில பாருங்க, சிலதுல வரும்.

ஆன்லைன் பக்கம் சீக்கிரம் சொல்லிடறேன். உங்க சொந்த வெப்சைட்ட கம்பெனிகிட்ட பதிவு பண்ணனுமா, அமேசான் மாதிரி இடத்துல போடலாமா, ஏரியா தாண்டி அனுப்பலாமா, எல்லாத்துக்கும் எழுத்துல பதில் வாங்குங்க. ரெகுலேட்டர் உயிர் காக்கற சாமான், அதனால ஆன்லைன்ல விக்கக்கூடாதுன்னு சொல்ற கம்பெனியும் உண்டு. பாதி நியாயம், பாதி சாக்குன்னு தான் நான் சொல்வேன்.

சீசன் முடிஞ்சு சரக்கு தேங்கி நிக்கறப்போ ஒரு போன் வரும் பாருங்க, "இருக்கற 20 டைவ் கம்ப்யூட்டரையும் (டைவ் பண்றப்போ ஆழமும் நேரமும் கணக்கு பாக்கற கருவி) அடக்க விலைக்கு மேல 5 சதவீதம் போட்டு மொத்தமா எடுத்துக்கறேன்"னு. இனிக்கும். அந்த ஆளு அத்தாரைஸ்டு டீலர் இல்லாத கிரே மார்க்கெட் வியாபாரி, உங்க அக்ரிமென்ட்ல மறு வியாபாரிக்கு விக்கக்கூடாதுன்னு பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கம்பெனிக்காரன் அந்த கடையில ஒண்ணு வாங்கி சீரியல் நம்பர பாத்தா போதும், யாருக்கு பில் போட்ட சரக்குன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இப்படி தான் பத்து வருஷ அக்கவுன்ட்ட விட்டார்.

அதே கிரே சரக்க வாங்கினவர் ஒரு நாள் உங்க கடைக்கே சர்வீஸுக்கு வருவார், சீரியல் நம்பர் சுரண்டின ஃபர்ஸ்ட் ஸ்டேஜோட (ரெகுலேட்டர்ல சிலிண்டரோட மாட்டற பாகம்). மூஞ்சிய சுளிக்காதீங்க. கேஜ மாட்டி இன்டர்மீடியட் பிரஷர், அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைச்சு வெளிய விடற அழுத்தம், ஒரே இடத்துல நிக்குதா, மெல்ல ஏறுதான்னு அவர் கண் முன்னாடியே காட்டுங்க. ஏறினா உள்ள காத்த அடைக்கற ஹை பிரஷர் சீட் போயிருக்குன்னு அவருக்கே புரியும். கம்பெனி வாரன்டில ஃப்ரீ பார்ட்ஸ் இதுக்கு கிடைக்காது, சர்வீஸ் கிட்டுக்கும் (மாத்த வேண்டிய சின்ன பார்ட்ஸ் செட்) கூலிக்கும் காசு ஆகும்னு நேரா சொல்லிட்டு, இந்த மாதிரி சாமானுக்கு கிட் போட உங்க கம்பெனி விடுதான்னும் பாத்துக்கோங்க. சர்வீஸ் கூலி, ட்ரெயினிங், டேங்க் ஃபில்லிங், வாடகை, இதுல எதுக்கும் மேப் கிடையாது. என் கடைய ஓட்டினது இதுங்க தான்.

கடைசியா, முதல் ஆர்டர் எவ்ளோ, வருஷத்துக்கு குறைஞ்சது எவ்ளோ எடுக்கணும்னு பாருங்க, சின்ன கடைய முழுங்கறது விலை பாலிசிய விட இது தான். வருஷ டார்கெட் எட்டலன்னா டிஸ்கவுன்ட் அடுக்கு இறங்கும், அடக்கம் ஏறும், ஆனா மேப் அதே இடத்துல நிக்கும். அக்கவுன்ட் க்ளோஸ் ஆனா அலமாரில இருக்கற சரக்க அவங்க திருப்பி எடுப்பாங்களா, எத்தன நாள்ல, எந்த விலைக்குன்னு ஒரு வரி சேர்க்க சொல்லிக் கேளுங்க. மாட்டேன்னா, முதல் ஆர்டர பாதியா குறைச்சு அனுப்புங்க.