அணுக்கருக்களின் குவாண்டம் இயல்பைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று அறிவது எப்படி?

அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியல் கணக்கீடுகளில் எலக்ட்ரான்களைக் குவாண்டம் முறைப்படி கையாண்டுவிட்டு, அணுக்கருக்களை மட்டும் நியூட்டனின் விதிப்படி நகரும் புள்ளிகளாகக் கொள்வது வழக்கம். பல பொருள்களுக்கு அதுவே போதும். ஆனால் ஹைட்ரஜன் நிறைந்த திரவங்களிலும், மிகவும் குளிர்ந்த படிகங்களிலும், நிலைமாற்றத்தின் விளிம்பில் இருக்கும் பொருள்களிலும் இந்தத் தோராயம் பிழையான விடையைத் தரும். உங்கள் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, பெரிய கணக்கீட்டைத் தொடங்குவதற்கு முன்பே பெருமளவு தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் அந்தப் பொருளின் முக்கிய அதிர்வுகளின் ஆற்றலை வெப்ப ஆற்றலோடு ஒப்பிடுங்கள். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் அலையெண் அலகில் ஏறத்தாழ 208 செ.மீ.⁻¹ ஆகும். அதிர்வாற்றலை இதனால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 1 என்றால், அந்த அதிர்வின் சராசரி ஆற்றல் செவ்வியல் (நியூட்டன் விதிப்படியான) மதிப்பைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாக இருக்கும். விகிதம் அதற்கு மேல் போகப் போக, அதிர்வில் இருப்பது பெரும்பாலும் சுழிநிலை ஆற்றல்தான்; அதாவது தனிச்சுழி வெப்பநிலையிலும் குவாண்டம் விதிப்படி மீதமிருக்கும் அசைவின் ஆற்றல். நீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி அதிர்வு 3400 செ.மீ.⁻¹ அளவில் இருப்பதால் விகிதம் 16ஐ எட்டுகிறது. வைரத்தில் ஹைட்ரஜனே இல்லை. ஆயினும் அதன் 1332 செ.மீ.⁻¹ அதிர்வுக்கு விகிதம் 6ஐத் தாண்டுகிறது. வைரத்தின் வெப்ப ஏற்புத்திறன் அறைவெப்பநிலையில் வியக்கத்தக்க அளவு குறைவாக இருப்பதை 1907இல் ஐன்ஸ்டீன் விளக்கியது இந்த அடிப்படையில்தான். ஈயம் போன்ற கனமான, மென்மையான உலோகத்துக்கு அறைவெப்பநிலையில் இந்தக் கவலை தேவையில்லை.

இந்த விகிதத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நீரில் சுழிநிலை அசைவு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நெடுகிலும் நிகழும்போது, மூலக்கூறுகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பை வலுப்படுத்துகிறது. பிணைப்பை வளைக்கும் திசையில் நிகழும்போது அதையே தளர்த்துகிறது. இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால், அதிர்வு மிக வலிய குவாண்டம் தன்மை கொண்டிருந்தும் நீங்கள் அளக்கும் பண்பு சிறிதளவே மாறக்கூடும்.

ஆகவே இரண்டாவது சோதனையையே நான் மிகவும் உறுதியானதாகக் கருதுகிறேன்: ஐசோடோப்பை (அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவை) மாற்றிப் பாருங்கள். செவ்வியல் புள்ளியியல் இயக்கவியலில், சமநிலையில் அணுக்கள் எங்கெங்கே இருக்கும் என்ற பரவல், அணுக்களின் இருப்பிடங்களைப் பொறுத்த ஆற்றலான நிலையாற்றலை மட்டுமே சார்ந்தது; நிறை அதில் நுழைவதே இல்லை. ஐசோடோப்பு மாறினாலும் நிலையாற்றல் மாறுவதில்லை. எனவே உருகுநிலையோ நிலைமாற்ற வெப்பநிலையோ ஐசோடோப்போடு சேர்ந்து மாறினால், அந்த மாற்றம் முழுவதும் அணுக்கருக்களின் குவாண்டம் இயல்பிலிருந்து வருவது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் கொண்ட கனநீர் 3.8 பாகை செல்சியஸில் உறைகிறது. அதன் அடர்த்தி உச்சத்தை எட்டுவது 4 பாகையில் அல்ல, 11 பாகைக்குச் சற்று மேல். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 123 கெல்வின் அருகே ஃபெரோமின் நிலைக்கு (வெளி மின்புலம் இல்லாமலே மின்முனைவு கொண்டிருக்கும் நிலைக்கு) மாறுகிறது. டியூட்டீரியம் ஏற்றிய படிகத்தில் அதே மாற்றம் 200 கெல்வினுக்கும் மேலே நிகழ்கிறது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் இன்னும் நுட்பமானது: குளிரக் குளிர அதன் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் அது எவ்வளவு எளிதில் முனைவுறுகிறது என்பதன் அளவு) 20,000ஐத் தாண்டி உயர்ந்தாலும், குவாண்டம் ஏற்ற இறக்கங்கள் தடுப்பதால் அது ஃபெரோமின் நிலையை அடைவதில்லை. ஆக்சிஜன்-16க்குப் பதிலாக ஆக்சிஜன்-18ஐ ஏற்றியதும் 23 கெல்வின் அருகே அது ஃபெரோமின் பொருளாகிவிடுவதை 1999இல் காட்டினார்கள்.

இந்தச் சோதனையில் இயக்கப் பண்புகளைக் கலக்காதீர்கள். பாகுநிலை, விரவல் வேகம், வினைவேகம் ஆகியவை செவ்வியல் கணக்கிலும் நிறையைச் சார்ந்தவை.

இரண்டு சோதனைகளும் குவாண்டம் இயல்பைச் சேர்க்கச் சொன்னால், பாதைத் தொகையீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். இதில் ஒவ்வோர் அணுக்கருவும், சுருள்வில்லால் கோத்த மணிமாலைபோல, வளையமாக இணைந்த பல பிரதிகளாகிறது. மணிகளின் எண்ணிக்கை மேலே கணக்கிட்ட மிகப்பெரிய விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அறைவெப்பநிலை நீருக்கு 32 மணிகள் வழக்கம். வெப்பநிலை மூன்றிலொரு பங்காகக் குறைந்தால் மணிகள் மும்மடங்காக வேண்டும். எண்ணிக்கையை இரட்டித்தும் விடை மாறவில்லை என்று காணும்வரை எந்த முடிவையும் எழுதாதீர்கள். மாலையின் ஒவ்வோர் இயல்பு அதிர்வுக்கும் தனித்தனி வெப்பநிலைக் கட்டுப்பாடு வைப்பதும் அவசியம். இல்லையெனில் விறைப்பான அதிர்வுகளுக்குள் ஆற்றல் சரியாகப் பங்கிடப்படாது.

அணுக்களுக்கிடையேயான விசைகளைத் தரும் மாதிரியான விசைப்புலத்தின் தேர்விலும் கவனம் வேண்டும். செவ்வியல் கணக்கீட்டில் சோதனை அளவுகளோடு பொருந்துமாறு சரிசெய்யப்பட்ட நீர் மாதிரிகள், குவாண்டம் விளைவைத் தம் எண்களுக்குள் ஏற்கெனவே மறைமுகமாகச் சேர்த்துக்கொண்டவை. அவற்றின் மேல் பாதைத் தொகையீட்டை ஏற்றினால் ஒரே விளைவு இருமுறை எண்ணப்படும். மின்னணு அமைப்புக் கணக்கீட்டிலிருந்து நேரடியாகப் பெற்ற நிலையாற்றலே இங்கு ஏற்றது.

கடைசியாக, அதே கணக்கீட்டில் ஹைட்ரஜனின் நிறையை மட்டும் டியூட்டீரியத்தின் நிறையாக மாற்றி மீண்டும் ஓட்டி, கிடைக்கும் வேறுபாட்டைச் சோதனை அளவோடு ஒப்பிடுங்கள். மணிகளின் எண்ணிக்கையும் ஓட்ட நேரமும் போதுமானவை என்று உறுதிசெய்த பிறகும் வேறுபாடு பொருந்தவில்லை என்றால், நீங்கள் முதலில் ஐயப்பட வேண்டியது பயன்படுத்திய நிலையாற்றலை.