பசுமை வளாகம் என்று பலகை வைப்பதற்கு முன்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் சேலத்துக் கல்லூரிகளில் ஒரே காட்சிதான். குழி தயாராக இருக்கும், சிறப்பு விருந்தினர் கன்று நடுவார், படம் எடுப்பார்கள். பின்னால் 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று ஒரு பிளக்ஸ் பேனர். அந்தப் பேனரே பிவிசி பிளாஸ்டிக் என்பது யாருக்கும் உறைக்காது. விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்புவதற்குள் பாதிக் கன்றுகள் குச்சியாகிவிடும். நம் பக்கம் மழை நன்றாகப் பிடிப்பது ஆவணிக்கு மேல்தான். விழாவை ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள், நடவைத் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால், அதுவரை யார் குடம் தூக்குவது என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

மண்ணைப் பார்க்காமல் நடுவது இதைவிடப் பெரிய தவறு. பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூரைச் சுற்றி மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுச் சுரங்கங்கள் உண்டு. வெள்ளையாகத் தெரிந்ததால் வெள்ளைக்காரர்கள் அந்தக் கரடுகளுக்குச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பேர் வைத்தார்கள். ஆனால் அது சுண்ணாம்பே இல்லை. ஊர்க்காரர்கள் சரியாகவே வெள்ளைக்கல் என்கிறார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் மெக்னீசியம் மிஞ்சி, கால்சியம் குறைந்தால் பல செடிகள் திணறும். ஏற்காட்டில் காபித் தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஜோராக இருக்கிறதே என்று அதை இங்கே கொண்டுவந்து வைத்தால், 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் கூடவே வராது. வேதியியல் துறை மண்ணைச் சோதிக்கட்டும், தாவரவியல் துறை மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டுமே செய்முறைப் பயிற்சியாகிவிடும்.

இங்கேதான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. பாடம் ஒரு பக்கம், ஆராய்ச்சி ஒரு பக்கம், கட்டடப் பராமரிப்பு ஒரு பக்கம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சுற்றுச்சூழல் பாடம் கல்லூரிகளில் கட்டாயமாகும் நிலை வந்தது. நாமோ அதைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி படிக்கும் தாளாக்கிவிட்டோம். சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாற்றில் மாதிரி எடுத்து ஆய்வு செய்யும் மாணவரிடம், "உன் விடுதிக் கழிவுநீர் எங்கே போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையைச் சொறிவார். ஆய்வேடு அலமாரிக்குப் போகும், அவ்வளவுதான்.

கணக்குப் போடாமல் சாமான் வாங்குவது அடுத்தது. மொட்டைமாடியில் சூரியத்தகடு வந்துவிடும், கீழே ஆளில்லாத வகுப்பில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், தூரிகையில்லா மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். 500 விசிறியை மாற்றினால், தினம் 8 மணி நேர ஓட்டத்துக்கு 180 யூனிட் மிச்சம். தகட்டுக்கு முன்னால் இதைச் செய்யலாம். மழைநீருக்கும் அப்படித்தான். 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 10,000 லிட்டர். தொட்டி கட்டியிருப்பார்கள், ஆனால் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கும். தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின வாரம் சுத்தம் செய்வார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் தண்ணீர் தணிக்கைக்காகக் குழு போட்டோம். நான்கு கூட்டம், தேநீர், வடை. கடைசியில் பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டோம். "இதுக்கா சார் இத்தனை நாளு?" என்று விடுதியின் பின்பக்கம் கூட்டிப்போனார். மேல்தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் வழிந்து, அந்த மூலையில் சேப்பங்கிழங்கு காடாக வளர்ந்திருந்தது. "மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேங்க" என்றார். அவர் எழுதிக் கொடுத்த தாள் எந்தக் கோப்பில் இருந்தது என்று எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. மறுவாரம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அவரையே வகுப்பெடுக்கச் சொன்னோம். வால்வைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.