வெள்ளம், புயல் அபாய ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஆய்வு மாணவர்களின் வரைவுகள் வரத் தொடங்கும். ஏதாவது ஒரு கடலோர வட்டம், அதற்கு ஓர் அபாய வரைபடம், சிவப்பு, மஞ்சள், பச்சை. படித்துக்கொண்டே போனால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக வரும். மேற்கோள் முறை, வடதிசை அம்புக்குறி எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை ஆய்விதழே திருத்தச் சொல்லிவிடும். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடும் பிழைகளைத்தான் சொல்கிறேன்.

தென்னை உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்வது

எத்தனை தடவை பார்த்தாலும் இதில் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. கஜா புயல் பற்றி ஒரு வரைவு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த புயல். வரைபடத்தில் கடலை ஒட்டிய தோப்புக் கிராமங்கள் எல்லாம் பச்சை, அதாவது பாதுகாப்பு. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வயல்வெளி சிவப்பு. உயரத் தரவைத் திறந்து, கடற்கரையிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு போட்டுக் குறுக்குவெட்டு எடுத்தேன். மணலில் 2, 3 மீட்டர் என்று போன கோடு தோப்பு தொடங்கும் இடத்தில் சட்டென்று ஏறியது. தோப்பு முடிந்ததும் அப்படியே இறங்கியது. அங்கே மேடு எதுவும் கிடையாது. ராடார் அலை ஓலையில் பட்டுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலோர் எடுப்பது எஸ்ஆர்டிஎம் என்ற ராடார் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்தது. இலவசமாகக் கிடைக்கிறது, சரி. ஆனால் அதில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். 3-க்கு அடுத்து 4. புயல் தள்ளிவரும் ஒன்றரை மீட்டர் கடல் எழுச்சி எந்தத் தெரு வரை வரும் என்பதை இதை வைத்து எப்படிச் சொல்வது? போதாததற்கு, அன்று அளந்த தோப்புகளில் பல கஜாவிலேயே சாய்ந்துவிட்டன.

2019-இல் ஓர் ஆய்வு இந்தப் பிழையைத் திருத்தி உலகக் கணக்கை மறுபடி போட்டது. உயர் ஓத மட்டத்துக்குக் கீழே வசிப்பவர்கள் எஸ்ஆர்டிஎம் படி 2.8 கோடி, திருத்திய பிறகு 11 கோடி. இடையில் விடுபட்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வரைபடத்தில் பச்சைக்குள் இருந்தவர்கள். புயல் பாதுகாப்பு மையம் கேட்டு மனு கொடுக்கப் போகிறவரிடம் "உங்கள் ஊர் பாதுகாப்பு என்று ஆய்வே சொல்கிறதே" என்று யாராவது உங்கள் கட்டுரையை நீட்டினால் அவர் என்ன பதில் சொல்வார்?

மரமும் கட்டடமும் நீக்கிய ஃபேப்டெம் என்ற உயரத் தரவு இருக்கிறது. ஐசிசாட்-2 செயற்கைக்கோள் லேசரால் அளந்த உயரப் புள்ளிகளும் இலவசம். ஆனாலும் நேரில் போய் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து அளக்காமல் விடாதீர்கள். அங்கேயும் கவனம் தேவை. இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம், கருவி அடிப்படையாகக் கொள்ளும் நீள்வட்டக மட்டத்தைவிட (பூமியைச் சீரான வடிவமாகக் கொண்டு கணக்கிட்ட கற்பனை மட்டம்) 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் பாதிப்பு நம் கரையிலும் உண்டு; நாகை கடற்கரையில் நின்றால் கருவி ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டர் காட்டும். குத்துமதிப்பாக 90-ஐக் கூட்டிவிட்டு நகராமல், சர்வே ஆஃப் இந்தியா கடல் மட்டத்திலிருந்து உயரம் அளந்து வைத்திருக்கும் மட்டக்குறியோடு இணையுங்கள். அப்புறம், வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையை டேப் வைத்து அளந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு ஏறியது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பா வயலை வெள்ளம் என்பது

டெல்டாவில் நவம்பரில் வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் படத்தில் அதுவும் கறுப்பு, வெள்ளமும் கறுப்பு. புயலுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் 'இத்தனை எக்டேர் மூழ்கியது' என்று எழுதினால் திருவாரூர் விவசாயி யாரும் ஏற்க மாட்டார். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். செயற்கைக்கோள் வருவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கலாம்.

காற்று வேகம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை தருவது 3 நிமிடச் சராசரி, அமெரிக்க எச்சரிக்கை மையம் தருவது 1 நிமிடச் சராசரி. ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

நூறாண்டு வெள்ளம்

ஒருமுறை வந்தால் அடுத்த நூறாண்டுக்குக் கவலை இல்லை என்பதுபோல எழுதுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு அது. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டுபவர் அதற்குள் ஒருமுறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம்.

மேசையில் உட்கார்ந்து எடை போடுவது

சரிவுக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று ஏஎச்பி முறையில் (காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை தரும் முறை) எடை. யார் கொடுத்த எடை? நிலைத்தன்மை விகிதம் 0.1-க்குள் வந்தால் உங்கள் தீர்ப்புகள் ஒன்றோடொன்று பெரிதாக முரண்படவில்லை என்று அர்த்தம். அவை சரி என்று ஆகிவிடாது. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீரும் சேர்ந்தது. விநாடிக்கு 29,000 கன அடி வரை. சரிவு, மழை, மண் என்ற அந்த எடைப் பட்டியலில் மதகுக்கு இடம் எங்கே? ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடமும் கரையில் குடியிருப்பவரிடமும் கேட்டு எடை போடுங்கள். எடையைக் கொஞ்சம் மாற்றினால் எத்தனை ஊர் நிறம் மாறுகிறது என்பதையும் காட்டுங்கள்.

ஒரே வரைபடம், நான்கு கட்டுரை

மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி வெளியிடாதீர்கள். களத்தில் அளந்த புள்ளிகளைக் கட்டுரையோடு இணைப்பாகக் கொடுங்கள். அடுத்து அந்த ஊருக்கு அளக்கப் போகிறவருக்கு உதவும்.