நோயாளிக்குக் கவிதை வாசிக்கும்போது செய்யக்கூடாதவை

நோயாளிக்குக் கவிதை வாசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது தொடக்கத்திலேயே. அவர் பேசி முடிக்கும் முன் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். கவிதையும் அப்படி ஒரு குறுக்கீடாகிவிடலாம். என்ன, கொஞ்சம் அழகான குறுக்கீடு.

அப்புறம், உற்சாகக் கவிதைகள். கீமோ முடிந்து வாய்ப்புண்ணோடு படுத்திருப்பவரிடம் 'எழுந்து நில், வெற்றி உனதே' என்று வாசித்தால், ஏற்கெனவே கேட்டுச் சலித்த அறிவுரைகளில் அதுவும் ஒன்றாகிவிடும். கவிதை வாசித்தும் எழுதவைத்தும் மனதை ஆற்றும் கவிதைச் சிகிச்சையின் முன்னோடியான மனநல மருத்துவர் ஜாக் லீடி, நோயாளியின் அப்போதைய மனநிலையோடு ஒத்துப்போகும் கவிதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சோர்ந்திருப்பவருக்குச் சோர்வை அறிந்த கவிதை. அதற்காக நம்பிக்கையே இல்லாமல் முடியும் கவிதையும் வேண்டாம் என்றார்.

வாசித்ததும் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்காதீர்கள், பரீட்சை ஞாபகம்தான் வரும். "எந்த வரி மனசுல நின்னுச்சு?" போதும். "அந்த ஜன்னல் வரி" என்று அவர் சொன்னால், "ஜன்னலா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வரத் தாமதமாகும். அதற்குள் நமக்குத்தான் இருப்புக் கொள்ளாது. போர்வையை இழுத்துவிடத் தோன்றும், சலைன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். கண் அங்கே போனால் வரவிருந்த பேச்சும் போய்விடும். இதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பேன்.

நோயாளியை எழுதச் சொன்னால் பிழை திருத்தாதீர்கள். கிளம்பும் நேரத்தில் எழுத வைக்கவும் வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவங்களைப் பற்றி எழுத வைத்தார். அதில் நடந்ததோடு உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு என்று 1986-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

எழுதியதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் தவறுதான், பெயரை மறைத்தாலும் சரி. அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் ரகசியமாக வைக்கக்கூடாது: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரிகளில் தெரிந்தால், 'கவிதைதானே' என்று கடந்து போகாமல் அவரிடமே நேராகக் கேளுங்கள். தனியே விடாமல், சிகிச்சைக் குழுவிடம் உடனே சொல்லுங்கள்.