புரோமினில் எத்தனை நியூட்ரான்?

பள்ளிப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தது. தனிம வரிசை அட்டவணையில் புரோமினுக்கு 79.9 என்று போட்டிருந்தது. அதை 80 ஆக்கி, புரோட்டான் எண்ணிக்கையான 35-ஐக் கழித்து, 45 என்று எழுதினேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. பல வருடம் கழித்து, நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: இயற்கையில் கிடைக்கும் புரோமினில் 45 நியூட்ரான் கொண்ட அணுவே கிடையாது. 44 இருக்கும், இல்லாவிட்டால் 46.

அதனால் ஒரு அணுவில் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எத்தனை என்று பார்க்கும் இந்தக் கணக்கை நான் எப்போதும் புரோட்டானிலிருந்துதான் தொடங்குவேன். அதில் குழப்பமே இல்லை. தனிம வரிசை அட்டவணையின் கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். எது மேலே, எது கீழே என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறும். சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. புரோமினுக்கு 35. ஒன்று குறைந்தால் அது செலினியம்.

அடுத்து நியூட்ரான். நிறை எண்ணிலிருந்து, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையிலிருந்து, அணு எண்ணைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிறை எண்ணை அட்டவணையில் தேடாதீர்கள், அங்கே இருக்கும் தசம எண் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் அணுக்களின்) சராசரி நிறை. குளோரினைப் பாருங்கள், 35.45. ஏறக்குறைய நான்கு அணுக்களில் மூன்று குளோரின்-35, ஒன்று குளோரின்-37; பெயருக்குப் பின்னால் வருவதுதான் நிறை எண். சராசரி எடுத்தால் முப்பத்தைந்தரை பக்கம் வருகிறது. அதற்காக அரை நியூட்ரான் உள்ள அணு எங்கேயும் இல்லை! ஆகவே எந்த ஐசோடோப்பு என்று கேள்வியே சொல்ல வேண்டும். குளோரின்-37 என்றால் 37 − 17 = 20 நியூட்ரான்.

சொல்லவில்லையா? தசமத்தை முழு எண்ணாக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோடியத்துக்கு அது சரியாகவே வரும்: 22.99, அதாவது 23. இயற்கையில் அதற்கு அந்த ஒரே ஐசோடோப்புதான். புரோமின், தாமிரம் போன்றவைதான் காலை வாரிவிடும். தாமிரம் 63.55; ஆனால் இயற்கையில் இருப்பவை 63-உம் 65-உம், 64 இல்லை.

எலக்ட்ரானுக்கு வருவோம். அணுவில் மின்சுமை இல்லையென்றால் புரோட்டான் எத்தனையோ எலக்ட்ரானும் அத்தனை. அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு, என்றால்தான் வம்பு. பிளஸ் குறியைக் கண்டதும் கை தானாகக் கூட்டப் போகும். எலக்ட்ரானே எதிர்மின் சுமை கொண்டது. அதை இழந்ததால்தான் பிளஸ் வந்திருக்கிறது. நான் சொல்லித்தரும் சூத்திரம்: புரோட்டானிலிருந்து மின்சுமையை அதன் குறியோடு சேர்த்துக் கழியுங்கள். அலுமினியம் 3+ அயனிக்கு 13 − 3 = 10. ஆக்சிஜன் 2− அயனிக்கு 8 − (−2), அதுவும் 10. அயனி ஆனதால் புரோட்டானோ நியூட்ரானோ மாறாது, அவற்றில் கை வைக்காதீர்கள்.

சரி, புரோமின்-81, மின்சுமை 1−. விடையை மறைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்: புரோட்டான் 35, நியூட்ரான் 46, எலக்ட்ரான் 36.